மண்ணுக்கடியில் குழாய் போட்டு வெந்நீர் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். பூமிச் சூட்டை இழுத்து வீடு முழுக்க வெந்நீர் தரும் ஹீட் பம்ப் போட்டுத் தருகிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் தாமான் தாமானாகச் சுற்றுகிறார். என்னிடம் 8,700 வெள்ளி வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

அம்மாவுக்கு மூட்டுவலி, கரண்டு பில்லும் ஏறுகிறது, அதனால் கூப்பிட்டோம். வந்தவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா தோட்டத்துல மூணாம் டிவிஷன் மண்டோர்தானே? எங்கப்பா அவர்கிட்டதான் பால்மரம் வெட்டினார்" என்றார். அம்மா கண் கலங்கி, சோறே போட்டுவிட்டார். செத்துப்போன மனுஷனை வைத்தா பிழைப்பது! அப்புறம்தான் மொத்தம் 14,500, முன்பணம் அறுபது விழுக்காடு என்று பேச்சு வந்தது.

மறுவாரம் இரண்டு பையன்கள் வந்து ஒரு அடி ஆழம் தோண்டி, சாதாரணத் தண்ணீர்க் குழாயைப் புதைத்து மூடிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் 8,700 வெள்ளி வேலை. மெஷின் எங்கே என்றால் கப்பலில் வருகிறதாம், பிறகு கஸ்டம்ஸில் மாட்டியதாம், பிறகு மாமனாருக்கு முடியவில்லையாம். பணத்தைக் கேட்டதும், "வேலை ஆரம்பிச்சாச்சு அண்ணே, டெபாசிட் திரும்ப வராது." அதோடு வாட்சாப்பில் பிளாக்.

ஏர்கோன் வேலை பார்க்கும் தெரிந்த தம்பி குழியைப் பார்த்துச் சிரித்தான். சுவீடன் மாதிரி ஊர்களில் குளிர்காலத்தில் காற்று உறைந்து கிடக்கும், மண் அதைவிடச் சூடாக இருக்கும், அதற்குத்தான் இந்த ஏற்பாடாம். அங்கேயும் குழாயைக் கிடையாகப் போட்டால் நாலு, ஆறு அடி ஆழத்தில் போட்டு, அழுத்தச் சோதனை செய்த பிறகுதான் மூடுவார்களாம். நம் ஊரில் வருஷம் முழுக்கக் காற்றே சூடு, காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் சாதாரண ஹீட் பம்ப் போதும், குழியே வேண்டாம் என்றான்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. தனியாள் கணக்கில் பணம் போடாதீர்கள். கம்பெனிப் பெயரை எஸ்எஸ்எம்மில் (மலேசியக் கம்பெனிப் பதிவு ஆணையம்) தேடுங்கள். மெஷின் வீட்டுக்கு வராமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான். நானும் மனு பாரம் எடுத்துவிட்டேன், ஆனால் அவர் கொடுத்த விலாசத்தில் இப்போது டோபிக் கடை நடக்கிறது. சரியான விலாசம் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.