ரிசெம்பிளா, டேக் ஆஃப்டரா?

ஆங்கிலத்தில் இரண்டுமே ஒத்திருப்பதைத்தான் சொல்கின்றன, ஆனால் டேக் ஆஃப்டர் குடும்பத்துக்குள் மட்டும், அதுவும் இளையவர் மூத்தவரைக் கொண்டு பிறந்திருந்தால்தான்; மகள் அம்மாவை டேக் ஆஃப்டர் செய்யலாம், அம்மா மகளைச் செய்ய முடியாது. முகச்சாயல் மட்டுமில்லை, கோபம், பிடிவாதம் மாதிரி குணத்துக்கும் வரும். ரிசெம்பிளுக்கு இந்தத் திசை கிடையாது. அண்ணன் தம்பி, முன்பின் தெரியாத இருவர், இரண்டு கட்டடங்கள், எதற்கும் பொருந்தும். அப்புறம் ஒன்று, நம்மில் பலர் 'ஷி ரிசெம்பிள்ஸ் டு ஹெர் மதர்' என்று எழுதுகிறோம், அந்த 'டு' வேண்டவே வேண்டாம், 'வித்'தும் வேண்டாம், 'ஷி ரிசெம்பிள்ஸ் ஹெர் மதர்' போதும். 'இஸ் ரிசெம்பிளிங்' என்றும் எழுதாதீர்கள். வீட்டுப் பேச்சில் ரிசெம்பிள் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், அங்கே என் ஓட்டு டேக் ஆஃப்டருக்குத்தான்.