வெளிறிய உருமறைப்புச் சட்டை: லேபலை நம்புவதா, பொக்கற் மூடியை நம்புவதா?

யாழ்ப்பாணத்தில் உருமறைப்புத் துணியை வீட்டில் வைத்திருக்க யாரும் துணிவதில்லை. 2019 மே மாதம், படைச் சீருடை போன்ற உடுப்புகளை ஒப்படைக்கும்படி பொலிஸ் கேட்டது பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு இந்தச் சட்டைகள் வட்ஸ்அப் வழியாகத்தான் பழக்கம். லண்டனில் பழைய உடுப்பு வாங்கி விற்கும் மருமகன் படம் அனுப்புவான். நவீன சந்தைப் பக்கம் 30 வருடம் தையல் மெசினில் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறான்: "மாமா, இது உண்மையான பழசோ, இல்லாட்டி ஆரும் பிளீச் பண்ணி வைச்சதோ?"

முதலில் அவன் பார்ப்பது அச்சுக்கோலத்தை. அது நல்ல வழிதான். நிறம் போனாலும் வடிவம் போகாது. போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் மங்கிய ஓரங்கள் சிலவேளை துலங்கும். அமெரிக்காவின் ஈ.ஆர்.டி.எல். கோலம் 1948இல் உருவாகி, வியட்நாம் போரில்தான் படையினருக்குக் கிடைத்தது. 1981இல் வந்த வூட்லாண்ட் கோலம் அதே இலை வடிவங்களை ஏறத்தாழ 60 வீதம் பெருப்பித்தது. எனவே பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் இரண்டையும் பிரிக்கலாம். பிரிட்டனின் டி.பி.எம். கோலத்தில் தூரிகையால் இழுத்த மாதிரிக் கோடுகளும், ஓரத்தில் புள்ளிகளும் இருக்கும். ஆனால் கோலம் எந்த வகை என்றுதான் சொல்லும். நேற்று அச்சடித்த நகலிலும் அதே கோலம் இருக்குமே.

அப்புறம் லேபல். வாங்குகிறவர்கள் அதிகம் மயங்குவதும் ஏமாறுவதும் இதில்தான். அமெரிக்க லேபலில் டி.எஸ்.ஏ. 100-68 என்று இருந்தால், டி.எஸ்.ஏ. படைக்குப் பொருள் வாங்கிய அரச நிறுவனம், 68 ஒப்பந்தத்தின் நிதியாண்டு. 1977இல் அந்த நிறுவனத்தின் பெயர் டி.எல்.ஏ. என்று மாறியது. லேபலில் உள்ள இருப்பு எண் அமெரிக்காவில் 1974 வரை 11 இலக்கம், பிறகு நேட்டோ நாடுகளுக்குப் பொதுவான 13. அந்த 13 இலக்கத்தில் முதல் நாலும் பொருளின் வகை, அடுத்த இரண்டும் நாடு: 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 00 அல்லது 01 அமெரிக்கா.

போன வருடம் அவன் ஒரு சந்தைக் கடையில் பெரிய விலை கொடுத்து ஒரு ஈ.ஆர்.டி.எல். சட்டை வாங்கினான். லேபலில் 68ஆம் ஆண்டு ஒப்பந்தம். கீழே 13 இலக்க எண். 1968இல் 13 இலக்கம் எப்படி வரும்? லேபலைச் சுற்றி நெருக்கமாகப் படம் எடுக்கச் சொன்னேன். லேபலின் ஓரத்துக்கு வெளியே, அதைவிடப் பெரிய ஒரு கரும்பச்சைச் சதுரம் தெரிந்தது. அதன் கரையில் நூலில்லாத ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. முதலில் இருந்த லேபலைப் பிரித்தெடுத்து, வேறொன்றைத் தைத்திருக்கிறார்கள். அவனுக்காக எனக்கு மனம் மிகவும் நொந்தது.

லேபல் இல்லை என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடவும் கூடாது. வியட்நாம் காலத்து வரிப்புலிக் கோலச் சட்டைகள் பல உள்ளூர்த் தையல் கடைகளில் தைக்கப்பட்டவை. அவற்றில் லேபலே இல்லாதவையும் உண்டு.

புற ஊதா (யு.வி.) ரோச் லைட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். புது நூலும் துணியும் அதில் நீலமாக ஒளிரும் என்பது உண்மைதான். ஆனால் சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டியும் அப்படியே ஒளிரும். வெளிறும் அளவுக்குத் தோய்த்த சட்டை எத்தனை முறை அந்தத் தூளைக் கண்டிருக்கும்! ஒளிர்ந்தால் போலி என்று எறிந்தால், நல்ல சட்டைதான் போகும்.

என் நம்பிக்கை வெயில் படாத இடத்தில். பொக்கற் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உண்மையாக உடுத்து வெளிறிய சட்டையில் தோளும் கொலரின் மடிப்பும் முழங்கையும் வெளுத்திருக்க, மூடியின் அடியில் பழைய பச்சை ஈரம் காயாதது போல் இருக்கும். பிளீச்சில் முக்கியதில் உள்ளும் புறமும் ஒரே வெளுப்பு. ஏனென்றால் தண்ணீர் எல்லா மடிப்புக்குள்ளும் போகும், வெயில் போகாது. கீழ் மடிப்பின் உட்பக்கத்தையும் இப்படியே பார்க்கலாம். நகல்களில் சில வெறும் மேற்பூச்சு அச்சு. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டும், தொட்டால் விறைப்பாக இருக்கும்.

தெறியும் சிப்பும் துணைச் சாட்சிதான். சிப்பில் டாலன், ஸ்கோவில் போன்ற பழைய அமெரிக்கப் பெயர் இருந்தால் நல்லது. ஆனால் சிப்பை மாற்றுவது எந்தத் தையல்காரருக்கும் அரை மணி நேர வேலை. மற்ற இடத்து நூல் மங்கியிருக்க சிப் ஓரத்து நூல் மட்டும் புதுசாக இருந்தால், அது பிறகு போட்டது. அதற்காக முழுச் சட்டையும் போலி என்று ஆகாது.

போன கிழமை ஒரு டி.பி.எம். சட்டையின் படம் வந்தது. லேபல் கிழிந்து பாதி எண்தான் மிச்சம், 8415-99 மட்டும் வாசிக்கலாம். தோள் சாம்பல் நிறமாகியிருந்தது. மூடியின் அடியில் நாலு நிறமும் தெளிவாக நின்றன; பழைய ஊசித் துளை ஒன்றும் இல்லை. "எடு தம்பி" என்றேன்.