'நம்பினேன்' என்றால் போதுமா?
1975-இல் மோர்கன் வழக்கில் அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வகுத்த விதி இது: பெண் சம்மதித்தாள் என்று ஆண் உண்மையாகவே நம்பியிருந்தால், அந்த நம்பிக்கைக்கு நியாயமே இல்லாவிட்டாலும் அது வல்லுறவுக் குற்றமாகாது. (அவ்வழக்கின் குற்றவாளிகளுக்கு அந்த விதி கைகொடுக்கவில்லை; தண்டனைத் தீர்ப்பு நிலைத்தது.) அவளுக்கு நேர்ந்ததை அவன் மனக்கணக்கு தீர்மானிப்பதா? எனக்கு இது பெரும் அநீதியாகவே படுகிறது.

அந்த விதியை மாற்றிய, அந்நாட்டின் 2003-ஆம் ஆண்டு பாலியல் குற்றங்கள் சட்டம் நியாயமான நம்பிக்கையைக் கேட்கிறது. சம்மதத்தை அறிய அவன் என்ன முயற்சி எடுத்தான் என்பதையும் ஜூரிகள் பார்க்க வேண்டும். சம்மதத்துக்கு 74-ஆம் பிரிவு தரும் பொருள்: தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் திறனும் உள்ள ஒருவர், தாமே தேர்ந்து இணங்குவது. ஆகவே மௌனமாக இருந்தாள் என்பது மட்டும் சம்மதமாகிவிடாது.