மாத்திரையா, ஸ்கேனா, அடுப்பா?

தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் என்றொரு வட்டாரம். பச்சை ஆற்றுமீனைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய் கலந்து தின்பார்கள். பெயர் கோய் பிளா. மீனோடு உள்ளே போகும் ஈரல் தட்டைப்புழு, ஈரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தில் பத்தாண்டுக்கு மேலும் குடியிருக்கும். நாளத்தின் சுவர் புண்பட்டு, ஆறி, மறுபடி புண்பட்டு, பல ஆண்டு கழித்துச் சிலருக்குப் புற்றாகும். பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகம் பதிவான இடங்களில் ஒன்று இங்குள்ள கோன் கேன் மாகாணம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இந்தப் புழுவை, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான முதல் வகைப் புற்றுக்காரணிகளில் சேர்த்துவிட்டது. இதை எதிர்க்க மூன்று வழி: புழுவைக் கொல்லும் மாத்திரை, புற்றைத் தேடும் ஸ்கேன், மீனை வேக வைக்கும் அடுப்பு. எது மேல்?

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். பிராசிகுவாண்டல், எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை. மலிவு, புழுவும் செத்துவிடும். ஆனால் அது கொல்வது போன விருந்தின் புழுவை மட்டும்தான். ‘மாத்திரை இருக்கிறதே’ என்ற தைரியத்தில் அடுத்த விருந்துக்கு உட்கார்ந்தால் தொற்று திரும்பும். தொற்று, மருந்து, மறுபடி தொற்று என்று சுற்றினால் அழற்சி கூடுகிறது என்பதை ஹாம்ஸ்டர் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்கேன் எதையும் தடுக்காது, புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் உதவும். கோன் கேன் பல்கலைக்கழகம் 2013-ல் தொடங்கிய திட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். மஞ்சள் காமாலை தெரிந்தபின் வருபவர்களில் பலருக்கு அறுவைக்கான காலம் கடந்திருக்கும். இளமை முழுக்கப் பச்சை மீன் தின்றவருக்கு மாத்திரை பழைய தழும்பை அழிக்காது. அவருக்கு என் ஓட்டு ஸ்கேனுக்குத்தான்.

மற்றவர்களுக்கு அடுப்பு. செலவில்லாத வழி, ஆனால் ஆகக் கடினமானதும் இதுதான். எலுமிச்சை பட்டதும் மீன் வெந்ததுபோல் வெளுக்கும். கண்ணை ஏமாற்றும் வித்தை அது, மீனின் சதைக்குள் இளம் புழு இருக்கும் கூடு அப்படியே இருக்கும். கூடவே குடிக்கும் சாராயமும் அதைக் கொல்லாது. நன்றாக வேக வைத்தால் சாகும். ஆனால் வயல் வேலை முடிந்து கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பவரிடம் ‘வேக வைத்துத் தின்னுங்கள்’ என்றால், சாப்பாட்டையே மாற்றச் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். பழக்கம் ஊறாத பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்குவதே மேல்.

கோன் கேனுக்குத் தெற்கே லாவா ஏரிக் கிராமங்களில் ஆய்வாளர் பன்சோப் சிரிபாவின் குழு மாத்திரையையும் அடுப்பையும் பிரிக்கவில்லை. மருந்து, வீடு வீடாகப் பேச்சு, பள்ளிப் பாடம் எல்லாம் ஒன்றாக நடந்தன. பூனை, நாய்க்கும் மருந்து கொடுத்தார்கள். அவையும் பச்சை மீன் தின்று, முட்டைகளைக் கழிவில் விட, மழை அதை ஏரிக்கு அடித்துப்போகும், நத்தை வழியாகப் புழு மறுபடி மீனுக்கு வரும். அறுபது சதவீதம் அளவில் இருந்த தொற்று பத்துக்கும் கீழே இறங்கியது.