வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப்: அப்பாவின் ஏஎஃப்பி பரிசோதனை அனுபவம்

அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) பார்க்க வேண்டும் என்பதால் எங்கள் ஊர் லேப் ஒன்றின் வீட்டுச் சேவையை ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறோம். 7 மணி என்றால் 7 மணிக்கே வந்துவிடுகிறார்கள், ரத்தம் எடுக்கும் தம்பிக்கு நல்ல கை, நரம்பு தேடி அப்பாவைக் குத்திக் குத்தி நோகடிப்பதில்லை.

பெரிய குறை ஒன்று. ஒருமுறை எங்களிடம் சொல்லாமலே வேறு கிளைக்கு அனுப்பி வேறு மெஷினில் பார்த்துவிட்டார்கள். எண் ஏறியிருந்தது, இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மெஷின் மாறினால் எண்ணும் மாறலாம், பழையதோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. ரிப்போர்ட்டில் எந்த முறையில் பார்த்தார்கள் என்று போட்டிருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம், கட்டி இருந்தும் ஏஎஃப்பி ஏறாதவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்டவர்களுக்கு உதவக்கூடிய பிவ்கா-2 என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் இங்கே உண்டு. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால் அதனாலேயே அந்த எண் ஏறும். லேப்பில் இதை யாருமே கேட்பதில்லை, கேட்டிருக்க வேண்டும். அல்புமின், பிலிருபின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள், கல்லீரல் எவ்வளவு தாங்கும் என்று டாக்டர் கணக்குப் போடுவது அவற்றை வைத்துத்தான்.

5க்கு 3 கொடுக்கிறேன்.