கூகுள் ஸ்காலர் பக்கம்: பல துறைகளில் எழுதும் ஆய்வாளருக்கு எவ்வளவு உதவும்?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம், கணினி அறிவியல், மொழித்துறை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இயங்குகின்றன. நிலவேம்பின் வேதிச்சேர்மங்களைப் பற்றி ஓர் ஆய்விதழிலும், வாகடச் சுவடிகளின் மொழியைப் பற்றி இன்னோர் இதழிலும் எழுதும் ஒருவர், தன் கட்டுரைகளை எல்லாம் ஓரிடத்தில் காட்ட இலவச வசதிகளில் முதலில் எடுக்கவேண்டியது கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடல் சேவையான கூகுள் ஸ்காலர்தான். ஸ்கோபஸ் என்ற கட்டணத் தரவுத்தளம் தேர்ந்தெடுத்துச் சேர்த்த இதழ்களையும் நூல்களையும் ஆய்வரங்குத் தொகுப்புகளையும் மட்டுமே எண்ணும். ஸ்காலர் ஆய்வேட்டையும் உள்ளூர் ஆய்வரங்குக் கட்டுரையையும்கூடப் பிடிக்கும். தமிழில் எழுதுபவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

பக்கம் திறப்பது எளிது. ஆனால் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்து, அதற்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதிப்படுத்த வேண்டும். அதைச் செய்து, பக்கத்தைப் பொதுவில் வைத்தால்தான் ஸ்காலர் தேடலில் பெயர் வரும். அடுத்து, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் தெரிவை விட்டுவிட்டு, மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கும் தெரிவை எடுங்கள். நம் பெயர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை; ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும்தான். தானாகச் சேர்க்கவிட்டால், அதே முதலெழுத்தும் அதே பெயரும் உடைய இன்னொருவரின் மருத்துவக் கட்டுரைகள் மொத்தமாக உள்ளே வந்து விழும். எண்ணிக்கை ஏறும், நேர்முகத்தில் யாராவது பட்டியலை வாசித்தால் மானம் போகும். சண்முகம் போன்ற பெயரை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'எச்' போட்டும் ஓரிடத்தில் போடாமலும் எழுதியிருந்தால், இரண்டு வடிவங்களிலும் தேடிக் கையால் சேர்க்க வேண்டும்.

ஒரே கட்டுரை ஆங்கிலத் தலைப்பிலும் ஒலிபெயர்த்த தலைப்பிலும் இரண்டு பதிவாக நிற்பது வழமை. ஒன்றுக்கு 7 மேற்கோள் (அதைச் சுட்டிய பிற கட்டுரைகள்), மற்றதற்கு 5 என்றால் இரண்டும் ஸ்காலர் காட்டும் ஐ10 என்ற கணக்கில் சேராது. அதற்குக் கட்டுரை ஒன்றுக்குக் குறைந்தது 10 மேற்கோள் வேண்டும். இரண்டையும் குறியிட்டு ஒன்றாக்கினால் 12 வரை வரும். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி விழுந்தால், சேர்த்தவை உண்மையில் ஒரே கட்டுரைதானா என்று திரும்பப் பாருங்கள்.

தமிழ்க் கட்டுரைகள் தேடலில் வராததற்கு ஸ்காலரை மட்டும் குறைசொல்ல முடியாது. பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிய கட்டுரையில் 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே பதிவேற்ற வேண்டும். ஆய்வரங்குத் தொகுப்பு முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றுவதும் பிழை. கட்டுரைக்கு ஒரு கோப்பு, 5 எம்பிக்குள், முதற்பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்தில், அதற்கு நேர் கீழே ஆசிரியர் பெயர்: ஸ்காலரின் இயந்திரம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இந்தச் சேவையின் பெருங்குறை, துறைவாரியாகப் பிரிக்காதது. கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்லும் ஹெச் சுட்டெண்ணை இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். குறைந்தது 6 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 6 இருந்தால் ஹெச் 6. ஒருவரின் நான்கு வேதியியல் கட்டுரைகளுக்கு முறையே 40, 22, 15, 6 மேற்கோள்கள். நான்கு மொழியியல் கட்டுரைகளுக்கு 9, 6, 5, 3 என்று வைப்போம். மொத்தத்தில் ஹெச் 6. பிரித்தால் வேதியியலில் 4, மொழியியலில் 3. பக்கம் காட்டும் 6 இரண்டு துறைக்கும் பொருந்தாத எண். மொழியியல் கட்டுரை ஒன்று 9 மேற்கோள் பெறுவது எவ்வளவு பெரிய விசயம் என்பதும் அதில் மறைந்துபோகிறது. மேற்கோள் பழக்கம் துறைக்குத் துறை வேறு. உயிர்மருத்துவத்தின் அளவுகோலால் தமிழாய்வை அளப்பது அநியாயம்.

பிரித்துக் கணக்கிட, பக்கத்திலிருந்து சிஎஸ்வி (எக்செல்லில் திறக்கும் அட்டவணை) கோப்பு இறக்கினால் போதாது. அதில் மேற்கோள் எண் வராது. 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருளில் அதே பக்கத்தைத் தேடி எடுத்தால் எண்ணோடு வரும். எக்செல்லில் துறைக்கென ஒரு நிரல் சேர்த்து வரிசைப்படுத்திவிடலாம். ஓபன்அலெக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளம் கட்டுரைகளைத் தலைப்புவாரியாகத் தானே வகைப்படுத்துகிறது. ஆய்வாளருக்கென்று தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்சிட் எண்ணைக் கட்டுரைகளில் கொடுத்து வந்தால் அங்கே பெயர்க் குழப்பமும் குறையும்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை ஸ்காலரில் கழிக்க வழியில்லை, ஸ்கோபஸில் உண்டு. ஏமாற்றுவதும் எளிது. 2012இல் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 போலி ஆவணங்களைத் தங்கள் இணையதளத்தில் ஏற்றியே மேற்கோள்களை உயர்த்திக் காட்டினார்கள். ஆகவே பதவியுயர்வு விண்ணப்பத்தில் வெறும் எண்ணை எழுதாதீர்கள். எங்கிருந்து எடுத்தது, எந்தத் திகதியில் எடுத்தது, எந்தத் துறைக் கட்டுரைகளுக்கு என்ற மூன்றும் அதே வரியில் இருக்கட்டும்.