சாவிக்கொத்தில் தொங்கும் ஆறு இலக்கம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் டோக்கனின் பேட்டரி உயிரை விட்டது. டோக்கன் என்றால், மின்னணு மருந்துச்சீட்டில் கையெழுத்திட நான் அடிக்க வேண்டிய ஆறு இலக்க எண்ணைக் காட்டும் சின்னக் கருவி; கார் சாவிக்கொத்தில் தொங்கும். அதே ராத்திரி, நியூயார்க்கில் சொந்த கிளினிக் தொடங்கப்போகும் கல்லூரித் தோழன் கேட்கிறான்: "கன்ட்ரோல்டு மருந்து எழுத டோக்கன் வாங்கட்டுமாடா, இல்ல போன்ல ஆப் போதுமா?" நேரம் பார்த்துக் கேட்டான்.

2016 மார்ச் 27-லிருந்து இந்த மாநிலத்தில் மருந்துச்சீட்டு மின்னணுவில்தான் போக வேண்டும். பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய கன்ட்ரோல்டு மருந்து என்றால், அவற்றைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஇஏவின் 2010 விதியும் சேர்ந்துகொள்ளும்: மனதில் இருப்பது, கையில் இருப்பது, உடம்பில் இருப்பது, இந்த மூன்றில் இரண்டைக் காட்டினால்தான் கையெழுத்து. கைரேகையை முதலில் முயன்று பார்த்தேன். சானிட்டைசர் போட்டுப் போட்டுக் காய்ந்த விரலைப் பனிக்காலத்தில் அந்த மெஷின் மதிக்கவே இல்லை. ஆக, பாஸ்வேர்டும் டோக்கனும்.

எரிச்சல் எல்லாம் அந்த ஆறு இலக்கத்தில்தான். நாலு எண் அடிப்பதற்குள் மாறிவிடும். ஒரே நோயாளிக்கு மூன்று சீட்டு என்றால் ஒரு தடவை அடித்தால் போதும். அடுத்த நோயாளிக்கு மறுபடி முதலிலிருந்து. என்னிடம் வருவதில் பாதி ஏடிஎச்டி பிள்ளைகள், அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பவர்கள். அவர்களுக்கு எழுதும் மருந்து பெரும்பாலும் ஷெட்யூல் 2 என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும். அதற்கு ரீஃபில் (பழைய சீட்டிலேயே மறுபடி வாங்குவது) கிடையாது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. அசிஸ்டென்ட் எல்லாவற்றையும் தயாராக வைக்கலாம், ஆனால் டோக்கனை அவரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போக முடியாது. 2022 அக்டோபரில், ஏடிஎச்டிக்குத் தரும் ஆடரால் மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அமெரிக்க மருந்துத் துறையான எஃப்டிஏ அறிவித்தபின் இன்னும் மோசம். கடையில் ஸ்டாக் இல்லை என்றால் அந்தச் சீட்டை ரத்து செய்து, வேறு கடைக்கு மறுபடி அதே கூத்து. 2023 ஆகஸ்ட் 28-க்குப் பிறகுதான், முதல்முறை வாங்கும் சீட்டை ஒரு கடை இன்னொரு கடைக்கு ஒரே ஒரு தடவை மாற்றி அனுப்பலாம் என்று டிஇஏ சொன்னது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். காகித பேடை டிராயரில் பூட்டி, எண்ணிப் பார்த்து, ஒரு தாள் குறைந்தால் வயிறு கலங்கிய காலம் போய்விட்டது. என் பெயரில் கையெழுத்தான கன்ட்ரோல்டு சீட்டுகளின் பட்டியலை மென்பொருள் மாதாமாதம் தானே தருகிறது. நான் எழுதாதது எதுவும் அதில் இல்லை என்று பார்த்து மூடும்போது கிடைக்கும் நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். தொழில்நுட்பக் கோளாறு என்றால் காகிதத்தில் எழுத விலக்கு உண்டு. காத்திருந்த பையனுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். புது டோக்கனுக்கு மறுபடி அடையாளச் சரிபார்ப்பு. பத்து வருஷத்துக்கு முன் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள் என்று கேட்டது. தப்பாகச் சொன்னேன். இரண்டாம் தடவை மனைவியைக் கேட்டுச் சொன்னதும், "நீங்கள் நீங்கள்தான்" என்று ஒப்புக்கொண்டது.

தோழனுக்கு என் பதில்: ஆப் வாங்கு. பேட்டரி சாகாது, எண்ணும் பெரிதாகத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதே: சீட்டு எழுதும் கருவியும் டோக்கனும் ஒன்றாக இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் எழுதினால் போன் டோக்கன் செல்லும்; அதே போனிலேயே எழுதினால் செல்லாது.

நான்? அதே டோக்கனைத்தான் மறுபடி ஆர்டர் செய்திருக்கிறேன். போனை நான் எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கார் சாவி இல்லாமல் கிளினிக் வர முடியாதே.